மூன்று படங்களும் ஒரு கையெழுத்தும்

1

லண்டனைப் பற்றி எழுதச் சொல்லி ஊரிலிருந்து கேட்கும்போதெல்லாம் நான் பனியைப் பற்றித்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன். பனியைப் பற்றி எழுதினால் யாருக்கும் மனம் நோகாது. இம்முறை விஷயம் வேறு. சென்ற மாசி மாதம் மூன்று சனிக்கிழமைகள் என் மகளோடு போய் மூன்று படங்கள் பார்த்தேன். மூன்றும் ஒரே இயக்குநருடையவை. கனவில் நடப்பது போலப் படம் எடுக்கிறவர் என்று ஐரோப்பா முழுவதும் அவருக்குப் பெயராம். நான் பொழுதுபோக்குக்குப் போகவில்லை. ஒரு கையெழுத்தைப் போடாமல் இருப்பதற்குக் காரணம் தேடிப் போனேன்.

என் மகள் ஜெசிந்தா பல்கலைக்கழகத்தில் மருந்தாளர் படிப்பில் இரண்டாம் வருடம். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்த நேரம், சோற்றுக்குள் கையை வைத்துக்கொண்டே சொன்னாள்:

“அம்மா, நான் அந்தப் படிப்பை விடப்போறன். படம் எடுக்கிறதைப் பற்றிப் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் ஒண்டிலை இடம் கிடைச்சிருக்கு.”

நான் ஆஸ்பத்திரியில் நோயாளர்களின் கோப்புகளை அடுக்குகிற வேலை செய்கிறவள். படம் என்றதும் எக்ஸ்ரே என்று நினைத்து, நல்லது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விளங்கப்படுத்தினாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. இவர் மட்டும் மீன் முள் எடுப்பதில் என்றும் இல்லாத அக்கறை காட்டிக்கொண்டிருந்தார்.

மகள் நகரசபையின் உதவிப்பணத்தில் படிக்கிறவள். படிப்பை மாற்றுவதானால் தாயோ தகப்பனோ கையொப்பமிட்ட படிவம் மாசி முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். நான்கு பக்கப் படிவம். முதல் கேள்வி வழக்கம்போல என் குடும்பப் பெயர். பத்து வருடமாக இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தகப்பன் பெயரை எழுதினால் புருஷன் பெயர் எங்கே என்கிறார்கள், புருஷன் பெயரை எழுதினால் ஞானஸ்நானச் சான்றிதழில் வேறு இருக்கிறதே என்கிறார்கள். அந்த நகரசபையில் நான் மூன்று பெண்களாக இருக்கிறேன். மூவரில் ஒருத்தியும் கையெழுத்துப் போடமாட்டாள் என்று மகளிடம் சொன்னேன். ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. பேசவேண்டிய இடத்திலும் ஆங்கிலத்தில் இரண்டு சொல். பிறகு அறைக் கதவு.

என் பயத்தை ஊரில் இருக்கிறவர்கள் ஒரு சொல்லில் விளங்கிக்கொள்வீர்கள். இந்த நாட்டில் எங்களுக்கு உறவு என்று சொல்ல யாரும் இல்லை. நாங்கள் கண்ணை மூடினால் அவளிடம் இருக்கப்போவது அந்த மருந்தாளர் சான்றிதழ் ஒன்றுதான். மருந்தாளரை எந்த ஊரிலும் தேடுவார்கள். படம் எடுக்கிற பெண்ணை யார் தேடுவார்கள்?

பத்தாம் நாள் அவளே குசினிக்குள் வந்தாள்.

“அம்மா, ஒரு ஒப்பந்தம். அந்த இயக்குநரின்ரை மூண்டு படம் மூண்டு சனிக்கிழமை போடுறாங்கள். என்னோடை வந்து பாருங்கோ. மூண்டும் பாத்தாப் பிறகும் மாட்டன் எண்டு சொன்னியள் எண்டால், நான் திரும்பிப் போய் மருந்து படிக்கிறன். பிறகு ஒரு கதையும் இல்லை.”

“சத்தியமா?”

“சத்தியமா. ஆனால் நேர்மையாப் பாக்க வேணும்.”

இவரைப் பார்த்தேன். “நீரே போய்ப் பாத்துச் சொல்லும். நான் இருட்டுக்குள்ளை இருந்தால் நித்திரை கொண்டிடுவன்” என்றார்.

2

தியேட்டர் ஒரு ரயில் பாலத்துக்குக் கீழே இருந்தது. மேலே ரயில் போகும்போதெல்லாம் கதிரை நடுங்கும். முப்பது பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் கழுத்தில் நீளச் சால்வை, ஒருவர் கையிலும் தின்பண்டம் இல்லை. படம் பார்க்க வந்தவர்கள் மாதிரித் தெரியவில்லை, சோதனை எழுத வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

முதல் படம் ஒரு ஸ்ரேசன் மாஸ்ரரைப் பற்றியது. அவருடைய ஸ்ரேசனுக்கு ரயில் வருவதே இல்லை. தினமும் காலையில் மேசை லாச்சியை இழுப்பார். உள்ளே உயிரோடு ஒரு மீன் கிடக்கும். அதை நிறுத்துப் பார்த்து, நிறையைப் பதிவுப் புத்தகத்தில் எழுதி, லாச்சியை மூடிவிட்டு ரயிலுக்குக் காத்திருப்பார். கடைசியில் காத்திருக்கும் அறைக்குள்ளேயே பனி கொட்டுகிறது. இருந்தவர்கள் குடையை விரித்துக்கொண்டு பத்திரிகையைத் தொடர்ந்து வாசிக்கிறார்கள். படம் முடிந்தது.

நான் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி ஊரான நாரந்தனையில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். ஒன்றரை மணி நேரமும் என் மனம் அந்த லாச்சிக்குள் இருந்தது.

“ஐஸ் இல்லாமல் எத்தினை நாளைக்கு அந்த மீன் தாங்கும்? மேசையே நாறியிருக்குமே” என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

“அம்மா, அது மீன் இல்லை.”

“மீன் இல்லாமல்? செதிள் தெரிஞ்சுது. பாரைக் குட்டி.”

அவள் வானத்தைப் பார்த்தாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இன்னும் இரண்டு சனிக்கிழமை இப்படியே கழிந்தால் மகள் மருந்தாளர்.

ஆனால் செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது. ஆஸ்பத்திரியில் கோப்பு ஒன்றைத் தேடி இரும்பு லாச்சியை இழுக்கப் போனவள், இழுக்காமல் ஒரு கணம் நின்றேன். உள்ளே என்ன இருக்கும் என்று நினைத்தேன். பத்து வருடமாகத் திறந்து மூடுகிற லாச்சி. அப்படி ஒரு நாளும் நான் நினைத்ததில்லை. திறந்தேன், கோப்புகள்தான். கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

3

இரண்டாவது படத்தில் ஓர் அலுமாரி. பெரிய, பழைய, மரச் செதுக்கல் உள்ள அலுமாரி. ஒரு விதவை அதைத் தன் தங்கை வீட்டுக்கு அனுப்புகிறாள். கூலிக்காரர் இருவர் அதைத் தூக்கிக்கொண்டு வயல், கடைத்தெரு, பள்ளிக்கூடம் எல்லாம் கடந்து போகிறார்கள். வழியில் யாராவது அதைத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே கடல். அலை அடிக்கும், காற்று வரும், பார்த்தவரின் தொப்பி பறக்கும். அவர் தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, “வலப்பக்கத்தால் போனால் கிட்ட” என்று வழி சொல்லி அனுப்புவார். தண்ணீர் ஒழுகினால் துணி எடுத்துத் துடைப்பார்கள். இது என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை.

அந்தக் கடலைக் கண்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது ஆழக்கடல் இல்லை. வேலணையிலிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகும்போது பாலத்துக்கு இரண்டு பக்கமும் கிடக்குமே, முழங்கால் அளவு தண்ணீரில் ஆட்கள் நடந்து திரிகிற பரவைக்கடல், அதைப் போன்றது. காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று என்னால் சொல்ல முடிந்தது.

என் கனவுகளைப் பற்றி நான் யாருக்கும் எழுதியதில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது கனவில் எங்கள் நாரந்தனைக் குசினி வரும். எல்லாம் சரியாக இருக்கும். உறி, அம்மி, புகைபிடித்த சுவர். அடுப்பு மட்டும் லண்டன் காஸ் அடுப்பாக இருக்கும், நான் மீற்றருக்குள் நாணயம் போட்டு மூட்டுவேன். ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் வள்ளத்துக்கு நின்றால் சுரங்க ரயில் வரும், ஏறுவேன். கனவில் எனக்கு அது புதினமாகவே இராது. விழித்த பிறகுதான் நெஞ்சு அடிக்கும். இரண்டு இடத்தில் வாழ்ந்தவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

இந்த மனிதர் செய்வது அதைத்தான் என்று இருட்டுக்குள் எனக்கு வெளித்தது. சட்டைப் பொத்தான், கோப்பை, வாசற்படி எல்லாவற்றையும் அச்சொட்டாக வைப்பார். ஒன்றை மட்டும் மாற்றுவார். பிறகு யாரையும் ஆச்சரியப்பட விடமாட்டார். ஆச்சரியப்பட்டால் அது மாயாஜாலப் படம். ஆச்சரியப்படாததால் கனவு. விதவையின் தங்கை அலுமாரியைத் திறந்து, கடலைப் பார்த்து, அதற்குள் தன் உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்து வைக்கிறாள். அந்த இடத்தில் என் கண் நிறைந்துவிட்டது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது மகள் மெல்லக் கேட்டாள்: “பிடிச்சுதோ?”

“அலுமாரி நல்ல மரம்.”

“அவ்வளவுதானோ?”

“வேறை என்ன சொல்லக் கிடக்கு? மூட்டு ஒண்டும் ஆடேல்லை.”

அவள் முகம் விழுந்தது. எனக்குத் தெரிந்தே சொன்ன பொய். பிடித்தது என்று ஒப்புக்கொண்டால் கையெழுத்தில் பாதியைப் போட்டதற்குச் சமம்.

4

மூன்றாவது சனிக்கிழமை. மகள் வழியெல்லாம் நகத்தைக் கடித்தாள்.

படத்தில் ஒரு புருஷனும் பெண்சாதியும். ஒரே மகன் தூரதேசம் போய்விட்டான். புருஷன் மாலையில் வேலையால் வருவார். அவள் அவருடைய சாம்பல் நிறக் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டுவாள், சூப் வைப்பாள், இருவரும் மகனைப் பற்றிக் கதைப்பார்கள். அடுத்த நாளும் அதே. நான் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் இல்லை, அலுமாரி இல்லை, குடும்பப் படம். முன்வரிசையில் இருந்தவர்கள் ஏன் ஒருவரோடு ஒருவர் குசுகுசுக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு ஒரு நாள் மகனிடமிருந்து கடிதம் வருகிறது. அவள் வாசித்துவிட்டு மேசையில் வைக்கிறாள். அவன் இனி வரமாட்டான். அன்று மாலை கதவு திறக்கிறது. இரண்டு புருஷன்மார் ஒன்றாக உள்ளே வருகிறார்கள். ஒருவர் மெலிந்து உயர்ந்தவர், மற்றவர் குள்ளம், வழுக்கை. இருவருக்கும் அதே சாம்பல் கோட்டு. அவள் இருவரையும் பார்க்கிறாள். உள்ளே போய் இன்னொரு சூப் கோப்பை எடுத்து வருகிறாள்.

நான் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு இல்லை, நாரந்தனைச் சிரிப்பு. முப்பது சால்வைகளும் திரும்பின.

மகள் என் கையைக் கிள்ளினாள். “அம்மா! இது சிரிக்கிற இடம் இல்லை!”

“தெரியும் பிள்ளை” என்றேன். கண்ணால் தண்ணீர் ஓடியது. “பாவம், கொப்பி எழுதினவள் பிழை விட்டிட்டாள்.”

5

இதை லண்டனில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியாது. தீவுப்பகுதியில் எங்கள் கோயில் கூத்துப் பார்த்தவர்களுக்கு விளங்கப்படுத்தவே தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் கூத்தில் ராசா வேஷத்தை ஒரே ஆள் ஆடி முடிப்பதில்லை. ராசாவுக்குப் பாட்டுகள் அதிகம், ராசாவாக வர ஆசைப்படுகிறவர்கள் அதைவிட அதிகம். ஆகவே முதலாம் ராசா, இரண்டாம் ராசா என்று பங்கு போட்டுக் கொடுப்பார்கள். முதலாம் ராசா திரைக்குள் போவார், கொஞ்ச நேரத்தில் இரண்டாம் ராசா வருவார். ஆள் மாறிவிட்டதே என்று யாரும் கேட்பதில்லை. கிரீடம் இருக்கிறது, அங்கி இருக்கிறது, அவர்தான் ராசா. அந்தப் படத்தில் புருஷன் முதல் நாளிலிருந்தே நாளுக்கு நாள் மாறி மாறி வந்திருக்கிறார். எனக்கு அது கண்ணில் படவே இல்லை. நான் கோட்டைப் பார்த்தேன், முகத்தை அல்ல. இருவரும் ஒன்றாக வந்தபோதுதான் சிரித்தேன். அதற்கு வேறு காரணம்.

ஆசிரியப் பயிற்சி முடித்து நான் ஊருக்கு வந்த வருடம் திருநாளுக்குக் கூத்து ஏற்பாடாகியிருந்தது. பழக்குகிற அண்ணாவியாருக்குக் கண் மங்கல். என் கையெழுத்து நல்லது என்று கொப்பி எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. முழுக் கூத்தையும் பிரித்து, ஒவ்வொரு ஆளுக்கும் அவர் பாட வேண்டிய பாட்டுகளை மட்டும் ஒரு கொப்பியில் எழுதிக் கொடுக்க வேண்டும். முதலாம் ராசா பேதுரு அண்ணை, பனைபோல் உயரம். இரண்டாம் ராசா சவிரி அண்ணை, நல்ல குண்டர். இருவரும் தனித்தனியே என்னிடம் வந்தார்கள்.

“பிள்ளை, ராசா சாகிற இடத்தை எனக்கு எழுதிவிடு. பேதுரு அண்ணைக்குச் சாகத் தெரியாது” என்றார் சவிரி அண்ணை.

“ரீச்சர், அந்த ஆளின்ரை வயித்தைப் பாத்தனீரே?” என்றார் பேதுரு அண்ணை. “அந்த வயித்தோடை விழுந்தால் மேடை தாங்குமே?”

கடைசி வாரத்தில் பங்குச் சுவாமியார் ஆள் அனுப்பினார். காலைப் பூசைக்கு முன்பு கூத்து முடிய வேண்டுமாம். அண்ணாவியார் முகம் கறுக்கப் பாட்டுகளை வெட்டினார். இரண்டே நாளில் எல்லாக் கொப்பிகளையும் நான் திருப்பி எழுதினேன். பள்ளிக்கூடத்துச் சோதனைத்தாள்களும் பக்கத்தில் குவிந்து கிடந்தன. ராசா கோபத்தில் கட்டளையிடுகிற பெரிய பாட்டை முதலாம் ராசாவின் கொப்பியிலும் எழுதிவிட்டேன், இரண்டாம் ராசாவின் கொப்பியிலும் எழுதிவிட்டேன். ஒருவர் இரவில் கடலுக்குப் போகிறவர், மற்றவர் பகலில். அந்த வாரம் இருவரும் ஒன்றாக நின்று பழகவில்லை.

வெட்டியும் கூத்து நீண்டு, கிழக்கு வெளுக்கிற நேரம். பேதுரு அண்ணை பாட்டை எடுத்தார். திரை விலகிச் சவிரி அண்ணையும் கிரீடத்தோடு வந்து அதே பாட்டை எடுத்தார். தலை அளவு வேறானதால் கிரீடமும் இரண்டு இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் திரைக்குப் பின்னால் செபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தவில்லை. இருவரும் ஒன்றாகப் பாடினார்கள். சேவகன் ஒருமுறை உயரமான ராசாவைக் கும்பிட்டான், ஒருமுறை குண்டு ராசாவைக் கும்பிட்டான்.

சனத்தில் ஒருவர் சத்தமாகச் சொன்னார்: “ராசாவுக்குக் கோவம் கூடிப்போச்சு. ஒரு ஆளாலை தாங்கேலாது.”

“ஓம் ஓம்” என்று ஒத்துக்கொண்டது சனம்.

அடுத்த தடவை அந்தப் பாட்டை இரண்டு ராசாக்களுக்கும் எழுதும்படி அண்ணாவியாரே சொல்லிவிட்டார். பிழை என்னுடையது என்று இன்றுவரை நான் வாய் திறக்கவில்லை. இதை வாசிக்கிற நாரந்தனைக்காரர் மன்னித்துக்கொள்ளுங்கள்.

6

படம் முடிந்ததும் ஒரு கனவான் முன்னால் வந்து, அந்த இரண்டு பேரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். இரட்டையர் என்றார் ஒருவர். ஒருவர் செத்துப்போனவர் என்றாள் ஒரு பெண். கனவான் என் பக்கம் திரும்பினார்.

“சிரித்த அம்மையார் ஏதாவது சொல்ல விரும்புகிறாரோ?”

மகள் கதிரைக்குள் தாழ்ந்தாள். நான் எழுந்து நின்றேன். பதற்றம் வந்தால் என் ஆங்கிலம் பாடப்புத்தக ஆங்கிலமாகிவிடும். நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: “ஐயா, அவர் ஒரே ஆள்தான். ஆனால் அன்றைக்கு மகனின் கடிதம் வந்தது. அந்தத் துக்கத்தை ஒரு ஆளால் தாங்க முடியாது. அதனால் இரண்டு பேராக வருகிறார்.”

“மிகவும் சுவையான பார்வை” என்று கனவான் புன்னகைத்துவிட்டு இரட்டையர் என்று சொன்னவர் பக்கம் திரும்பினார். நான் உட்கார்ந்தேன். மகள் நிமிர்ந்து, குறிப்புப் புத்தகத்தில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் வெடித்தாள். “உவனுக்கு ஒண்டும் விளங்கேல்லை அம்மா! இரட்டைப்பிள்ளையாம்! மடையன்!”

“மெல்லப் பேசு, ஆக்கள் பாக்கினம்.”

“ஏன் மெல்ல? தமிழிலைதானே பேசுறன்.”

எத்தனை மாதத்துக்குப் பிறகு என் மகள் நடுத்தெருவில் நின்று தமிழில் ஒருவரைத் திட்டுகிறாள்! கேட்டுக்கொண்டே நடந்தேன். பஸ்ஸின் மேல்தட்டில் ஏறி உட்கார்ந்ததும், “எங்கை அம்மா இதைப் படிச்சனீங்கள்?” என்று கேட்டாள். சொன்னேன். பேதுரு அண்ணையின் உயரம், சவிரி அண்ணையின் வயிறு, சேவகனின் கும்பிடு எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டு எழுதினாள். சேவகன் எந்த ராசாவை முதலில் கும்பிட்டான் என்று மட்டும் மூன்று தரம் கேட்டாள்.

எங்கள் பஸ் தரிப்புக்கு இரண்டு தரிப்பு முன்னால் புத்தகத்தை மூடினாள்.

“சரி. மூண்டும் முடிஞ்சுது. சொல்லுங்கோ.”

மாட்டேன் என்று சொல்ல என்னிடம் எல்லாக் காரணமும் இருந்தது. ஒன்றும் குறையவில்லை. ஆனால் நேர்மையாகப் பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

“ரெண்டாவது படம் எனக்குப் பிடிச்சது” என்றேன். “அலுமாரிக்குள்ளை அந்தப் பெட்டை உடுப்பு மடிச்சு வைக்கேக்கை அழுதனான். உனக்கு மறைச்சுப்போட்டன்.”

அவள் என்னையே பார்த்தாள்.

“நான் நேர்மையாப் பாக்கேல்லை. ஒப்பந்தத்தை முறிச்சது நான்தான். அப்ப எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது?”

வீட்டுக்கு வந்து, கோட்டைக் கூடக் கழற்றாமல், குசினி மேசையில் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அவள் துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளிறியிருந்தது.

“என்னடி?”

“நீங்கள் மாட்டன் எண்டுதான் சொல்லுவியள் எண்டு நினைச்சனான்.”

“சொல்லியிருந்தால்?”

“கோவிச்சுக்கொண்டு மருந்து படிச்சிருப்பன். அம்மாதான் விடேல்லை எண்டு ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கலாம்.” படிவத்தை விரலால் தள்ளினாள். “இப்ப ஆரைச் சொல்லுறது? அங்கை எல்லாரும் என்னைவிடக் கெட்டிக்காரர் எண்டால்?”

இந்தக் குடும்பத்தில் பயப்படுகிறவள் நான் ஒருத்திதான் என்று இருபது வருடமாக நினைத்திருந்தேன். இப்படி அச்சாக என்னைப்போலப் பயப்படுகிற ஒருத்தி பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறாள்.

“உறைக்குள்ளை வைச்சு ஒட்டு” என்றேன். “யோசிச்சுக்கொண்டு இருந்தால் ரெண்டு பேருக்கும் பயம் கூடும்.”

மடித்து வைத்தாள். உறையின் விளிம்பை நாக்கில் வைத்தாள், எடுத்தாள். “ஏலாது அம்மா. வாய் காய்ஞ்சுபோச்சு.”

நான் வாங்கிப் பார்த்தேன். என் வாயிலும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

இவர் முன்னறையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சருங்கோ, கொஞ்சம் நாக்கை நீட்டுங்கோ” என்றேன்.

என்ன, ஏது என்று கேட்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, உறையை வாங்கி, ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஆறுதலாக நக்கி ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்தினார். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“முத்திரையும் நான்தான் ஒட்ட வேணுமோ?”